தாத்தாவின் ரேடியோவை நான் சரிசெய்த விதம்

உங்கள் தாத்தாவின் ரேடியோ விஷயத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் இருவரும் ஆளுக்கொரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். போன வாரம் எதிர் வீட்டுக்காரர் என்னை நிறுத்தி, "ரேடியோவுக்கு ஷூ பாலிஷ் போட்டீங்களாமே?" என்று கேட்டார். நான் ஷூ பாலிஷ் போடவில்லை. போட்டது வேறு. அதை ஒழுங்காக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவள் திருத்தலாம். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

தாத்தா குடியாத்தத்தில் லுங்கி நெய்தவர். கண்ணில் அழுத்தம் ஏறி இரண்டு கண்ணும் போன பிறகு, ஆம்பூருக்கு நம் வீட்டுக்கு வந்தார். பகலா இருட்டா என்பது மட்டும் அவருக்குத் தெரியும். வரும்போது கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டி, தன் தறியில் தானே நெய்த எட்டு லுங்கி, இந்த ரேடியோ. ரேடியோவைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்று கை நீட்டினேன். "இருக்கட்டும் மாப்ள" என்றார்.

அந்த ரேடியோ பாடாது. உள்ளே வால்வு போய்ப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் அது அவர் கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் இருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் கையை நீட்டி அதைத் தொடுவார். மேலே இருக்கும் குழியில் கட்டைவிரலை வைப்பார். பிறகு எழுந்து இரண்டு எட்டில் கதவு, கதவிலிருந்து ஏழு எட்டில் குழாயடி. யாரும் கையைப் பிடிக்க வேண்டாம். ரேடியோவைத் தொட்டுவிட்டால் வீட்டின் மற்ற இடமெல்லாம் அவருக்குத் தானாகத் தெரிந்துவிடும். இது எனக்கு அப்போது தெரியாது. ஏதோ பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

என் கண்ணுக்கு அந்தப் பெட்டி எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். மேல் பலகையில் ஒரு குழி. கரண்ட் இல்லாத ஒரு நாள் மெழுகுவத்தி சாய்ந்து எரிந்த இடம். வலது பக்கத்தில் ஒரு அடி. தறியில் ஊடு நூலைக் கொண்டு ஓடும் நாடா ஒரு முறை எகிறி வந்து இடித்த இடம். முன்பக்கம் அடியில் மெல்லிய மேல்மரம் பெயர்ந்து, சில்லுச் சில்லாக நின்றது. வார்னிஷ் முழுக்க, கோடையில் வற்றிய ஏரி மாதிரி வெடித்திருந்தது. எங்கள் கணக்கில் அது ரிஜெக்ட் மால்.

எங்கள் கணக்கு என்றால் தொழிற்சாலைக் கணக்கு. பத்தொன்பது வருடமாக நான் தோல் ஃபினிஷிங் பிரிவில் இருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். என்ன செய்கிறேன் என்று நீங்கள் கேட்டதில்லை. மாட்டுக்கு உண்ணி கடித்த தழும்பு இருக்கும், முள்வேலி கிழித்த கோடு இருக்கும், வயிற்றுப் பக்கம் நரம்பு ஓடிய தடம் இருக்கும். அதையெல்லாம் வெளிநாட்டுக்காரன் ஷூவில் பார்க்க விரும்ப மாட்டான். அதனால் மேல்பக்கத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்ப்போம். குழியைப் பசை வைத்து அடைப்போம். மேலே கலர் கொடுப்போம். சூடான தகடு வைத்து அழுத்தி, மாடு தன் ஆயுளில் பார்த்திராத ஒரு வரியை அதன் தோலில் உண்டாக்குவோம். அதன் மேல் பளபளப்புக்கு லாக்கர் பூச்சு. இதற்குக் கரெக்டட் கிரெயின், அதாவது திருத்திய வரி என்று பெயர். இந்த வேலையில் என்னைக் குறை சொன்னவர் கிடையாது.

இதனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் தரம் பிரிப்பேன். "கத்திரிக்காயத் திருப்பித் திருப்பிப் பாக்காதீங்க, கடைக்காரன் முறைக்கிறான்" என்று உங்கள் அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தினமும் ஒரு ரிஜெக்ட் மால் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் என்னைப் போன்றவனுக்குக் கஷ்டம்.

வைகாசியில் கெங்கையம்மன் திருவிழாவுக்காகத் தாத்தா குடியாத்தத்தில் தன் தம்பி வீட்டுக்குப் பத்து நாள் போனார். அவர் போன அன்றே ரேடியோவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குக் கிளம்பினேன். உங்கள் அம்மா படியில் நின்றாள்.

"அவர ஒரு வார்த்த கேட்டுடுங்களேன்."

"கேட்டா வேணாம்பாரு. வந்து தொட்டுப் பாக்கட்டும், அசந்துடுவாரு."

"பாழ் பண்ணிட மாட்டீங்களே?"

"பத்தொம்பது வருஷமா நான் இன்னா வேலை பாக்கறேன்?"

"தோலு."

"ஃபினிஷிங்."

அவள் வழி விட்டாள்.

தொழிற்சாலையில் என் பக்கத்து மெஷினில் தோலைத் தேய்த்து பஃபிங் போடும் பாய் என் தோஸ்த். அவரிடம் மட்டும் சொன்னேன். "மரத்துக்கு நம்ம மால் ஒத்துக்குமா? வார்னிஷ்தானே அடிப்பாங்க?" என்று கேட்டார். மரத்துக்கும் மேல்பக்கம் கீழ்ப்பக்கம் உண்டு, தோலுக்கும் உண்டு என்று விளக்கினேன். அவர் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

டப்பாவின் அடியில் மிஞ்சிய பிரவுன் கலர், அதை ஒட்ட வைக்கும் பைண்டர், லாக்கர், அடைக்கும் பசை எல்லாம் சூப்பர்வைசரைக் கேட்டு வாங்கி, கேட் பாஸ் போட்டுத்தான் வெளியே கொண்டுவந்தேன். வாட்ச்மேன் நோட்டில் காரணம் எழுத வேண்டும். "ரேடியோவுக்கு" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "சொந்த உபயோகம்" என்று எழுதிக்கொண்டார்.

முதல் நாள் குமிழ்களைப் பிடுங்கி, உள்ளே இருந்த வால்வுத் தட்டைத் திருகு கழற்றி வெளியே எடுத்தேன். ஸ்பீக்கர் வரவில்லை. பெட்டியின் உள்மரத்தில் ஒரு ஆணி அடித்து, அதில் நூலால் இழுத்துக் கட்டியிருந்தது. அப்படியே விட்டேன். உள்பக்கத்தை நாங்கள் தொடுவதில்லை. தோலின் சதைப்பக்கம் ஷூவுக்குள் போய்விடும், யாரும் பார்க்க மாட்டார்கள்.

பிறகு உப்புத்தாள். இரண்டு நாளில் வார்னிஷ் முழுக்கப் போய், மரம் தெரிந்தது. மரத்தில் கோடு கோடாக, அடர்த்தியும் வெளிச்சமுமாக, ஆற்று மணலில் தண்ணீர் ஓடிக் காய்ந்த மாதிரி வரிகள் இருந்தன. இந்த இடத்தில் நிறுத்தி, மேலே லேசாக வார்னிஷ் மட்டும் கொடுத்திருக்க வேண்டும், அந்த வரிக்காகத்தான் அந்தக் காலத்தில் அந்த மரத்தையே ஒட்டினார்கள் என்று பிற்பாடு ஒரு ஆசாரி என்னிடம் சொன்னார். எனக்கு அப்போது அது நரம்புத் தடமாகத் தெரிந்தது. எங்கள் பிரிவில் நரம்புத் தடம் இருந்தால் இரண்டு கோட்டிங் கூட.

இரண்டு கோட்டிங் கூடக் கொடுத்தேன்.

அதற்கு முன் மெழுகுவத்திக் குழியில் பசை வைத்தேன். காய்ந்ததும் இறங்கியது. மறுபடி வைத்தேன். மூன்றாவது முறை சமமாக நின்றது. நாடா இடித்த இடத்தையும், பெயர்ந்த அடிப்பக்கத்தையும் அப்படியே அடைத்தேன். பேடில் கலரைத் தொட்டு நீளவாக்கில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை என்று இழுத்தேன். நடுவில் அயர்ன் பாக்ஸ் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று அதைக் கேட்டேன். உங்கள் அம்மா அயர்ன் பாக்ஸை பீரோவில் வைத்துப் பூட்டினாள். அது எவ்வளவு நல்லது, சூடு பட்டிருந்தால் ஒட்டிய மேல்மரமே கிளம்பியிருக்கும் என்று ஆசாரி சொல்லித்தான் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் வேலை முடிந்தது. முதல் தரம். தேடினாலும் ஒரு குறை இல்லை. வெயிலில் வைத்தால் வெளிச்சம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடங்கல் இல்லாமல் ஓடியது. வால்வுத் தட்டையும் குமிழையும் திரும்ப மாட்டி, கீழே கொண்டுவந்து மேஜையில் வைத்தேன்.

பெரியவள் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அப்பா, லேஸ் எங்க?" என்றாள்.

சின்னவன், "இது எந்தக் கால்து?" என்று கேட்டான்.

உங்கள் அம்மா, "நல்லாத்தான் இருக்குது" என்றாள். என் அக்கா வைத்த குழம்பைப் பற்றிச் சொல்லும் அதே குரலில்.

மறுநாள் காலை தாத்தா வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, வழக்கம்போல் இடது கையை நீட்டினார். விரல் பெட்டியில் பட்டதும் கையை எடுத்துக்கொண்டார். கொதிக்கும் பாத்திரத்தில் பட்டால் எடுப்போமே, அப்படி. பிறகு இரண்டு கையையும் வைத்து மேலும் கீழும் தடவினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், பாராட்டு வரும் என்று.

"இது யார்து?" என்றார்.

"உங்க ரேடியோதான் மாமா."

"குழி எங்க?"

"அடைச்சிட்டேன் மாமா."

"நாடா அடிச்ச எடம்?"

"அதையும்தான்."

"முன்னாடி பேந்து இருக்குமே?"

"அதுவும் சரி பண்ணிட்டேன்."

"அப்போ என்னுதுன்னு இதுல இன்னாதான் இருக்குது?"

விரலை மூக்கில் வைத்துப் பார்த்தார். "தோல் வாசன வருது. ரெக்ஸின் ஒட்டின பொட்டி" என்றார். நான் குமிழைத் திருகிப் பார்க்கச் சொன்னேன். டக் என்ற அதே சத்தம்தானே? "குமிழப் புடுங்கி எந்தப் பொட்டியிலயும் சொருவலாம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, மரியாதை குறையாமல் சொன்னார்: "தப்பா நெனக்காதீங்க மாப்ள. ஏதோ அவசரம், வித்துட்டீங்க. சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேன். கண்ணு இல்லாதவன் கிட்ட மாத்தி வெச்சிட்டு அதுதான் இதுன்னு சொல்லாதீங்க."

பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையை நான் செய்ததில்லை. அவ்வளவு சுத்தமாகச் செய்ததால்தான் அவர் நம்பவில்லை என்று எடுத்துச் சொன்னேன். அது எடுபடவில்லை.

அன்றிலிருந்து அவர் வீட்டில் எதையும் நம்பவில்லை. ஒரு பொருளை மாற்றினவர்கள் மற்றதை ஏன் விட்டு வைக்கப் போகிறார்கள்? காலையில் காப்பியை ஒரு வாய் குடித்து, "இது நம்ம தூள் இல்ல" என்றார். "அதேதான் நைனா" என்றாள் உங்கள் அம்மா. லுங்கியின் கரையை நகத்தால் தேய்த்துத் தேய்த்து, "இது என் தறில நெய்ஞ்சதுதானா?" என்று கேட்டார். எட்டு லுங்கியையும் காலையில் ஒரு முறை, சாயந்திரம் ஒரு முறை எண்ணினார். குழாயடிக்கு ஏழு எட்டில் போனவர் சுவரைப் பிடித்துக்கொண்டே போனார். ரேடியோவைத் தொடவே இல்லை. தொடாததால் கதவு எங்கே என்று தெரியாமல் தண்ணீர்க் குடத்தில் இடித்துக்கொண்டார். முழங்காலில் ரத்தம். மருந்து போட வந்த பெரியவளிடம், "இது இன்னா மருந்து, நெஜமாலுமே மருந்துதானா?" என்று கேட்டார். அவள் அழுதுவிட்டாள். அதை அவளே மறந்திருப்பாள், அதனால் எழுதுகிறேன்.

நான்காம் நாள் காலையில் டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தார். என்னிடம் சொல்லவில்லை, மகளிடம் சொன்னார்.

"என்னக் குடியாத்தம் பஸ்ஸு ஏத்தி உட்டுடும்மா."

"சித்தப்பா வீட்டுக்கா?"

"நம்ம வீட்டுக்கு."

"பூட்டிக் கெடக்குது நைனா. அங்க யார் இருக்காங்க உனக்கு?"

"யாரும் இல்ல. எது எங்க இருக்குதுன்னு தெரியும். இங்க தெரியல."

உங்கள் அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "நாளைக்குள்ள ஏதாவது பண்ணுங்க. அவர் தனியா அங்க போனா சமைக்கறதுக்கு அடுப்பப் பத்த வெப்பாரு." அவ்வளவுதான் சொன்னாள். மீதியை நானே நினைத்துக்கொண்டேன்.

தொழிற்சாலைக்குப் போய்ப் பாயிடம் முழுவதையும் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மெஷினை நிறுத்தினால் சூப்பர்வைசர் வருவார். அவரும் வந்தார், அவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சிரித்துவிட்டுப் போன பிறகு பாய், "பேஜார் பண்ணிட்டியே தோஸ்த்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, ரெண்டு பார்ட்டி தோலு ஒண்ணா கலந்துடுச்சு. கலர் ஒண்ணு, கிரெயின் ஒண்ணு. இது யார் மால்னு எப்படிக் கண்டுபுடிப்போம்?"

"திருப்பிப் போட்டு, சதைப்பக்கத்துல நம்பர் பாப்போம்."

"அப்புறம் இன்னா, வூட்டுக்குப் போய்த் திருப்பு."

சாயந்திரம் வந்ததும் ரேடியோவின் முதுகு அவர் பக்கம் வரும்படி மேஜையில் திருப்பி வைத்தேன். பின்பலகை எப்போதோ போய்விட்டது, கையை உள்ளே விடலாம்.

"மாமா, இது உங்களுது இல்லன்னே வெச்சிக்குங்க. உள்ள கைய விட்டு ஒரு தடவ பாருங்க."

"எதுக்கு?"

"நான் மேல்பக்கம்தான் தொட்டேன். உள்பக்கம் எங்க வேலையில்ல."

கையை மடியிலேயே வைத்திருந்தார். உங்கள் அம்மா அவர் கையைப் பிடித்து உள்ளே வைக்கப் போனாள். "நீ உடு" என்று தானே விட்டார். உள்ளே தூசி, தறிக் கொட்டகைப் பஞ்சு. வால்வுத் தட்டைத் தாண்டி விரல் பக்கத்து மரத்துக்குப் போயிற்று. ஆணியைத் தொட்டார். ஆணியிலிருந்து நூல். நூல் மேலேயே விரலை நடத்திக்கொண்டு போய் ஒரு இடத்தில் நின்றார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அங்கே எதையோ உருட்டின. நாங்கள் மூச்சு விடவில்லை என்றால் பொய், சின்னவன் தும்மினான்.

"நாலு எழ" என்றார் தாத்தா. "பாவு நூலு, என் தறிது." பிறகு, "முடிச்சு என்னுது. நுனி கடிச்சு அறுத்தது."

ஆணியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது மரத்தோடு அசையாமல் நின்றது. ஆணி பெட்டியில் இருக்கிறது, முடிச்சு ஆணியில் இருக்கிறது.

"ஸ்பீக்கர் ஆடுதுன்னு கட்டினேன்" என்றார் மகளிடம். "உங்கம்மா வெளக்கு புடிச்சா. கை மேல எண்ணெ ஊத்திட்டா."

ஒரு கை உள்ளே முடிச்சில் இருந்தது. இன்னொரு கையை வெளியே பெட்டியின் மேல் வைத்தார். இரண்டுக்கும் நடுவில் அரை அங்குல மரம்.

"இதுதான் அது" என்றார்.

"அதுதான் மாமா."

"அப்போ இத ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"நல்லா இருக்கட்டும்னுதான்."

"எதுக்கு?"

"பாக்கறதுக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

தாத்தா கோபப்படவில்லை. உங்கள் அம்மா இருந்த பக்கம் திரும்பி, நான் அங்கே இல்லாத மாதிரி, "திருடல. அது போதும். மத்தது புத்தி கம்மி, அதுக்கு அவர் இன்னா பண்ணுவாரு" என்றார். அந்த வாரத்தில் என்னைப் பற்றிச் சொல்லப்பட்ட நல்ல வார்த்தை அதுதான். வைத்துக்கொண்டேன்.

பிறகு, "அந்தக் குழிய மட்டும் தோண்டிக் குடுங்க" என்றார்.

ஸ்க்ரூ டிரைவரும் பழைய ஸ்பூனும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் வேலையில் எத்தனையோ ஆயிரம் குழியை அடைத்திருக்கிறேன், ஒன்றையும் திறந்ததில்லை. எங்கள் பசை வளைந்து கொடுக்கும் சாமான். மேல் தோலைக் கீறியதும் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. கொஞ்சம் எடுப்பேன், அவர் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பார்.

"இன்னும் கொஞ்சம்."

"ஜாஸ்தி ஆய்டப் போவுது மாமா."

"ஆச்சுன்னா நான் சொல்றேன். தோண்டுங்க."

அடியில் மெழுகுவத்தி எரித்த கரி தெரிந்ததும் நிறுத்தினேன். கட்டைவிரலை வைத்தார். அது அப்படியே உட்கார்ந்தது. "ம்" என்றார். நாடா இடித்த இடத்தையும் திறக்கச் சொன்னார், திறந்தேன். முன்பக்கத்துச் சில்லில் வைத்த பசையையும் எடுக்கவா என்று கேட்டேன். "அது இருக்கட்டும். எப்பவும் லுங்கி மாட்டிக்கும் அதுல" என்றார். ஆக என் வேலையில் மூன்றில் ஒரு பங்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதை எதிர் வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள்.

ரேடியோவைத் திருப்பி வைத்தோம். அவர் கட்டிலில் போய் உட்கார்ந்து, இடது கையை நீட்டி, குழியைத் தொட்டு, எழுந்து இரண்டு எட்டு வைத்துக் கதவைப் பிடித்தார். குடத்தின் மேல் படவில்லை. திரும்பி வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து லுங்கிகளை வெளியே எடுத்தார். எண்ணவில்லை.

உங்கள் அம்மா காப்பி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்தார்.

"எல்லாம் சரி" என்றார். "தூளு மட்டும் மாத்திட்டீங்க."

நான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ஆமா நைனா" என்றாள். "நீ ஊருக்குப் போன வாரம் அந்தக் கடைய மூடிட்டாங்க. வேற கடையில வாங்கினேன். நீ கேட்டப்போ ஏற்கெனவே ரேடியோ கலாட்டா, இதையும் எதுக்கு சொல்றதுன்னு..."

"மொதல் நாளே சொல்லியிருந்தா குடிச்சிட்டுப் போறேன். எனக்கு நாக்குல கோளாறோன்னு நாலு நாளா யோசன."

டம்ளரை முழுக்கக் குடித்து வைத்தார்.

அன்றிலிருந்து நம் வீட்டில் எதை மாற்றினாலும், எதை நகர்த்தினாலும் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். நீங்கள் செருப்பை வாசலில் இடம் மாற்றி விட்டாலும் சொல்ல வேண்டும், அதனால்தான் நான் கத்துகிறேன். போன வாரம் நான் ஒரு பல்பு மாற்றினேன். போய்ச் சொன்னேன்.

"பல்பா? அத எதுக்கு என்கிட்ட சொல்றீங்க மாப்ள?" என்றார்.

ஆனாலும் எந்த இடத்துப் பல்பு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.